டி. ஏ. சரஸ்வதி அம்மா: வடிவியலைத் தேடிய வாழ்க்கை

கும்பகோணத்தில் படிக்கிற நமக்குக் கணிதம்னா ராமானுஜன்தான். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்க்காதவங்க நம்ம காலேஜில் குறைவு. இந்த முறை டி. ஏ. சரஸ்வதி அம்மா பற்றி எழுதறேன். அவர் நம்ம ஊர் இல்லை. ஆனா அவருடைய ஆய்வு வழிகாட்டி பக்கத்துத் திருவாரூர்க்காரர், டாக்டர் வே. ராகவன்.

சரஸ்வதி அம்மா 1918 டிசம்பரில் பாலக்காட்டுப் பக்கம் செர்ப்புளச்சேரியில் பிறந்தார். அப்போ அது மெட்ராஸ் மாகாணம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் படித்துவிட்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருத எம்.ஏ. முடித்தார். மேத்ஸ் முடிச்சவங்க சமஸ்கிருதம் பக்கம் போறது இன்னைக்கே அபூர்வம். (தங்கை ராஜலட்சுமி இயற்பியல் ஆசிரியை, மலையாளத்தில் பெயர் பெற்ற நாவலாசிரியையும்கூட.)

அந்த ரெண்டு படிப்பும் சேர்ந்ததுதான் அவர் பலம். பழைய இந்தியாவில் அல்ஜீப்ரா உண்டு, ஜியாமெட்ரி பெருசா இல்லை, நிரூபணமே கிடையாதுன்னு பலர் எழுதிக்கிட்டிருந்த காலம் அது. 1957 முதல் 1960 வரை மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ராகவனிடம் ஆய்வு செய்தபோது, அவர் மூல நூல்களுக்கே போனார். வேள்விக் குண்டத்துக்கு அளவு சொல்லும் சுல்ப சூத்திரங்களில் சதுரத்தை அதே பரப்புள்ள வட்டமாக்கும் வழி இருக்கு. தோராயம்தான், ஆனாலும் ஜியாமெட்ரிதானே! அப்புறம் கேரளக் கணித மரபு. 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய், பை மதிப்பின் நாலில் ஒரு பங்கைத் தரும் தொடர் ஞாபகம் இருக்கா? நம்ம புத்தகத்தில் லைப்னிட்ஸ் பெயர் இருக்கும். அவருக்கு இருநூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே சங்கமகிராம மாதவர் அதைக் கண்டுபிடிச்சிட்டார். அதன் நிரூபணம் யுக்திபாஷா என்ற நூலில் படிப்படியா இருக்கு. அந்த நூல் மலையாளத்தில் எழுதப்பட்டது. சரஸ்வதி அம்மாவுக்கோ அது தாய்மொழி.

வேலை மட்டும் ஊர் ஊராக. திருச்சூர், எர்ணாகுளம், ராஞ்சி எனக் கல்லூரிகள் மாறின. 1973 முதல் 1980 வரை தன்பாத்தில் ஒரு மகளிர் கல்லூரிக்கு முதல்வர். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதுதான், 1979-ல், 'ஜியாமெட்ரி இன் ஏன்ஷியன்ட் அண்ட் மெடீவல் இந்தியா' புத்தகமா வந்தது. சென்னையில் ஆய்வு தொடங்கி 22 வருஷம், வயது அறுபது. ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி, கேம்பிரிட்ஜில் முழுநேர ஆராய்ச்சி. இவருக்கு அப்படி மொத்தமா கிடைச்சது சென்னையின் அந்த மூணு வருஷம்தான்னு எனக்குத் தோணுது.

2000 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். 2002-ல் கேரள கணிதச் சங்கம் அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு தொடங்கியது. இந்தியக் கணித வரலாறு எழுதுறவங்க இன்னமும் அந்த ஒரே புத்தகத்தைப் புரட்டிக்கிட்டுதான் இருக்காங்க.