மூச்சின் வழியை ஆராய்ந்த கேலன்

நினையாமலே இரவும் பகலும் மூச்சு விடுகிறோம். அம்மூச்சை இயக்கும் தசைகள் எவை? ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்விக்கு விடை தேடியவர் மருத்துவ மேதை கேலன்.

திருவெளிப்பாடு நூல் கூறும் ஏழு சபைகளுள் ஒன்று பெர்காமம். இன்று துருக்கி நாட்டில் உள்ள அந்நகரில், கி.பி. 129இல் கேலன் பிறந்தார். தந்தை நிக்கோன் கட்டடக் கலைஞர், கணிதத்திலும் வல்லவர். எதையும் ஆராய்ந்த பின்னரே ஏற்கும் பழக்கத்தை மகனுக்கு ஊட்டினார். தாம் கண்ட ஒரு கனவினால் மகனை மருத்துவம் பயிலச் செய்தார். கேலன் இளைஞராய் இருந்தபோதே அத்தந்தை மறைந்தார். கேலன் துவண்டு விடவில்லை. சிமிர்னா, கொரிந்து, அலெக்சாந்திரியா என்று ஆசான்களை நாடிச் சென்று கற்றார்.

157இல் ஊர் திரும்பி, அரங்கில் பொருதும் வீரர்களுக்கு மருத்துவரானார். அவர்களுடைய காயங்களே அவருக்குப் பாடநூல்களாயின. 162இல் உரோமை சென்றார்.

மனித உடலை அறுத்து ஆராயும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே பன்றி, ஆடு, குரங்கு ஆகியவற்றை ஆராய்ந்தார். கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடத்தை வெட்டினால் விலங்கின் மூச்சு உடனே நின்றது. கழுத்தின் அடிப்பகுதியில் வெட்டினால் விலாத் தசைகள் ஓய்ந்தன. உதரவிதானம் மட்டும் இயங்கியது. கத்தும் பன்றியின் குரல்வளை நரம்பைக் கட்டினார், குரல் அடங்கியது. கட்டை அவிழ்த்தார், குரல் திரும்பியது. கூடியிருந்த அறிஞர் வியந்தனர்.

அமைதியான மூச்சுக்கு உதரவிதானமே பெரிதும் போதும் என்றும், மூச்சு வன்மையாக வேண்டும்போது விலாத் தசைகளும் மார்பின் மேற்பகுதித் தசைகளும் துணைக்கு வருகின்றன என்றும் அவர் கண்டார். மூச்சுவழி குறுகிய நோயாளிகள் தோள்வரை மார்பு முழுவதையும் அசைத்துத் திணறுவதையும் எழுதி வைத்தார். இன்றும் ஆஸ்துமா நோயாளியிடம் மருத்துவர் முதலில் நோக்கும் அறிகுறிகளுள் இதுவும் ஒன்று.

மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர் அவரைத் தம் மருத்துவராக்கினார். 192இல் உரோமையில் மூண்ட பெருந்தீயில் அவருடைய நூல்களும் மருந்துகளும் சாம்பலாயின. அவர் மீண்டும் எழுதினார். அவ்விழப்பைத் தாங்கிய விதம் பற்றிய அவருடைய மடல் ஒன்று, 2005இல் கிரேக்க நாட்டுத் துறவுமடம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது.

அவரும் தவறினார். இதயத்தின் நடுச்சுவரில் நுண்துளைகள் வழியே குருதி செல்வதாக நம்பினார். பின்வந்தோர் சோதித்துப் பாராமல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதை ஏற்றனர். 1543இல் வெசேலியஸ் அவருடைய உடற்கூற்றியலின் பல பிழைகளைக் காட்டினார். 1628இல் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். ஆராயாமல் ஏற்காதே என்று தந்தை கற்பித்த பாடத்தை, கேலனைப் போற்றியவர்களே மறந்தனர்!

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. ஈதர் மயக்கம் உலகறிய வந்தது 1846இல்தான். கேலனின் விலங்குகள் விழித்திருந்தே அவ்வேதனையைத் தாங்கின. இறைவன் படைத்த அவ்வாயில்லா உயிர்களுக்கும் மருத்துவ உலகம் கடன்பட்டுள்ளது.

தோழியரே, வகுப்பில் ஒருத்தி தோளை உயர்த்தி, மூக்கு விரிய மூச்சுக்குத் திணறினால், அவள் நடிக்கிறாள் என்று நகைக்காதீர்கள். அடைபட்ட வழியோடு அவளுடைய தசைகள் போராடுகின்றன. அவளை நிமிர்ந்து அமரச் செய்து, ஆசிரியையை விரைந்து அழையுங்கள். கேலனின் வாழ்வைப் படித்ததன் பயன் அதுவே.