உம்மத்தை ஒரே மேசையில் அமர்த்திய மன்னர் ஃபைசல்

1969 ஆகஸ்ட் 21. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவன் மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைத்தான். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் கொண்டுவந்து நிறுவிய, நூற்றாண்டுகள் பழமையான மரத்தாலான மிம்பர் அதில் எரிந்துபோனது. செய்தி கேட்டு முஸ்லிம் உலகம் கொதித்தது. ஊர்வலங்கள் நடந்தன, கண்டனங்கள் எழுந்தன. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு நிலையான அமைப்பாக மாற்ற வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களில் முதன்மையானவர் சவூதி அரேபிய மன்னர் ஃபைசல் அவர்கள்.

1906-இல் ரியாத்தில் மன்னர் அப்துல் அஸீஸ் அவர்களின் மகனாகப் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். மார்க்க அறிஞரான தாய்வழிப் பாட்டனார் ஷைக் அப்துல்லாஹ் அவர்களே அவரை வளர்த்துக் கல்வி கற்பித்தார். முதல் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1919-இல், தந்தையின் பிரதிநிதியாக அவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 13. நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் படிக்கும் வயது!

1926-இல் ஹிஜாஸின் ஆளுநர் ஆனார். 1930-இல் வெளியுறவுத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் ஒரு குறுகிய காலம் நீங்கலாக, மன்னரான பின்பும், இறக்கும் வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1934-இல் யமனுடன் போர் மூண்டபோது படை நடத்திச் சென்று ஹுதைதா துறைமுகத்தைக் கைப்பற்றினார். பின்னர் தாயிஃபில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டு, அந்த நகரம் யமனிடமே திருப்பித் தரப்பட்டது. 1945-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் சவூதியின் சார்பில் கையெழுத்திட்டவரும் அவரே. இரண்டே ஆண்டுகளில் அதே ஐ.நா. சபை, ஃபலஸ்தீனைப் பிரிக்கும் தீர்மானத்தை 33-க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேற்றியதை அவர் நேரில் பார்த்தார். நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, சபையில் எடையும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அவரது பிற்கால அரசியல் முழுவதிலும் நாம் காண்கிறோம்.

1964 நவம்பரில் மன்னரானார். அதற்கு முன்பே, பிரதமராக இருந்தபோது, 1962-இல் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பை வெளியிட்டார். பெண் கல்விக்குப் பழமைவாதிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தபோதும், அவரும் அவரது துணைவியார் இஃப்பத் அவர்களும் பின்வாங்கவில்லை.

ஆனால் அன்றைய அரபுலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் எகிப்து அதிபர் நாஸர், மறு பக்கம் மன்னராட்சிகள். 1962-இல் யமனில் புரட்சி வெடித்தது. புரட்சியாளர்களுக்கு உதவ நாஸர் படை அனுப்பினார். ஒரு கட்டத்தில் அது சுமார் 70 ஆயிரம் பேரைத் தொட்டது. பதவி இழந்த இமாமின் ஆதரவாளர்களுக்கு ஃபைசல் பணமும் ஆயுதமும் கொடுத்தார். எகிப்திய விமானங்கள் சவூதி எல்லை ஊர்களில் குண்டு வீசின. ஐந்தாண்டுகள் முஸ்லிம் முஸ்லிமைக் கொன்றான். இதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பிளவின் விலை 1967 ஜூனில் தெரிந்தது. ஆறே நாட்களில் பைத்துல் முகத்தஸ், மேற்குக்கரை, காஸா, சினாய், கோலான் அனைத்தும் பறிபோயின. எகிப்தின் தேர்ந்த படைப்பிரிவுகள் பல அப்போது யமன் மலைகளில் நின்றிருந்தன.

இங்கேதான் ஃபைசல் அவர்களின் பெருந்தன்மையைப் பார்க்கிறோம். எதிரி வீழ்ந்தான் என்று அவர் மகிழவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கார்ட்டூமில் கூடிய அரபு உச்சி மாநாட்டின்போது நாஸருடன் அமர்ந்து யமன் பிரச்சினைக்கு உடன்பாடு கண்டார். போரில் நொறுங்கிய எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் ஆண்டுதோறும் உதவ சவூதி 5 கோடி பவுண்டும், குவைத் 5.5 கோடியும், லிபியா 3 கோடியும் தர ஒப்புக்கொண்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் எகிப்தியப் படைகள் யமனை விட்டு வெளியேறின.

அக்ஸா எரிந்த ஒரு மாதத்தில், 1969 செப்டம்பர் 22-இல், மொராக்கோவின் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினர். இன்று 57 நாடுகளைக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அங்கேதான் கருவுற்றது. அந்த மாநாட்டுக்கு நம் இந்தியாவும் அழைக்கப்பட்டது. ஆனால் பாகிஸ்தானின் எதிர்ப்பால் நம் தூதுக்குழு பங்கேற்க முடியாமல் போனது. ஒற்றுமைக்காகக் கூடிய மேசையிலும் பகை வந்து உட்கார்ந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இழந்த மண்ணை மீட்கப் போரில் இறங்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதங்களை விமானங்களில் ஏற்றியனுப்பியதுடன், 220 கோடி டாலர் உதவிக்கும் ஏற்பாடு செய்தது. அமெரிக்காவின் நெடுநாள் நண்பரான ஃபைசல், அக்டோபர் 20 அன்று அந்நாட்டுக்கான எண்ணெயை நிறுத்தினார். சொந்தப் பாதுகாப்புக்கு எந்த நாட்டை நம்பியிருந்தாரோ, அதே நாட்டுக்கு எதிராக எடுத்த முடிவு அது. அதுவரை அரபுகளின் குரலைப் பொருட்படுத்தாத தலைநகரங்கள் அவர் வாசலுக்குத் தூதர்களை அனுப்பின.

இதன் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய், சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. அந்தச் சுமை வல்லரசுகளை மட்டுமல்ல, இந்தியா போன்ற ஏழை நாடுகளின் மண்ணெண்ணெய் விளக்குகளையும் தொட்டது. 1974 மார்ச்சில் தடை விலக்கப்பட்டது. எகிப்துடனும் சிரியாவுடனும் படைவிலக்க ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. ஆனால் பைத்துல் முகத்தஸ் மீளவில்லை. அங்கே தொழ வேண்டும் என்ற அவரது ஆசையும் நிறைவேறவில்லை.

1975 மார்ச் 25 அன்று ரியாத் அரண்மனையில், குவைத்திலிருந்து வந்த விருந்தினர்களை வரவேற்கும்போது, சொந்தச் சகோதரரின் மகனே அவரைச் சுட்டுக் கொன்றான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உலகின் எண்ணெய்ச் சந்தையையே அசைத்த மன்னர், ரியாத்தின் அல்ஊத் கப்ருஸ்தானில், பெயர் பொறிக்காத எளிய மண்ணறையில் அடக்கப்பட்டார்.

ஃபைசல் அவர்களைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமல்ல. அவர் ஆண்டது மன்னராட்சி. மாற்றுக் கருத்துகளுக்கு அங்கே இடம் குறைவு. ஆயினும் யமனில் தன்னோடு மோதியவரை கார்ட்டூமில் கைகொடுத்துத் தூக்கியவர் அவர். பகைமையை விடாமல் ஒற்றுமை பேசுவது எளிது. பகைத்தவனுக்குத் தன் கருவூலத்தைத் திறந்துவிடுவது கடினம். இந்த உம்மத்தின் தலைவர்களிடம் இன்று நாம் தேடுவது அந்தக் கடினமான ஒன்றைத்தான். நம் தெருவில், நம் ஜமாஅத்தில், நம் குடும்பத்தில் தொடங்க வேண்டியதும் அதுவே.

அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.