மைசூர் அரண்மனை அடுப்படியிலிருந்து வள்ளிமலை வரை

ஓம் சரவணபவ.



இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேராவது வேல் மாறல் பாராயணம் செய்யறவங்களா இருப்பீங்க. 48 நாள் விடாம செஞ்சு முடிச்சவங்களும் இருப்பீங்க. அருணகிரிநாதர் அருளிய வேல் வகுப்பில் 16 அடிகள். அந்த 16 அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடுக்கி 64 அடிகளாக, ஒரு மந்திரம் மாதிரி நமக்குத் தொகுத்துக் கொடுத்தவர் வள்ளிமலை ஸ்ரீ சச்சிதானந்த சுவாமிகள். திருப்புகழ் சுவாமிகள் என்றும் சொல்வோம்.

அந்த மகான் கிட்டத்தட்ட 38 வயசு வரைக்கும் ஒரு சமையல்காரர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவர். இந்த விஷயம் எனக்கே போன வருஷம்தான் மனசில் உறைத்தது. ஏன் உறைத்தது என்று சொல்கிறேன்.

நானும் சமையல்காரன்தான். வயசு 47. வேலூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் 22 வருஷமா வேலை. காய் நறுக்குற பையனாகச் சேர்ந்து, மாஸ்டராகி, கடைசி 9 வருஷமா சூப்பர்வைசர். விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கணும். மூணு ஷிப்டுக்கும் சாப்பாடு போகணும். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதெல்லாம் எனக்கு ஒரு பாரமாகவே தெரிஞ்சதில்லை. ஆனா போன வருஷம் ஆடி மாசத்திலிருந்து ஒரு மாதிரி ஆயிட்டேன். அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும், ஆனா எழுந்திருக்க உடம்பு வராது. சாம்பார் கொதிக்கிற வாசனைக்கே வயித்தைப் பிரட்டும். அண்டாவில் என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கக்கூட மனசு வராது. பையன்களைக் காரணமில்லாம திட்டுவேன், அப்புறம் வண்டியில் வரும்போது நானே அதை நினைச்சு வெட்கப்படுவேன். சாமி கும்பிடக்கூட உட்கார முடியலை. வேலையை விட்டுடறேன்னு ஒரு கடிதம் எழுதி, மடிச்சு, சட்டைப் பையிலேயே ரெண்டு மாசம் வெச்சுட்டுத் திரிஞ்சேன்.

வீட்டுக்காரி கிட்ட சொன்னேன். அவள் அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கடிதம் கொடுத்த மறுநாள் காலையில் 3 மணிக்கு முழிப்பு வந்தா என்ன செய்யப் போறேன்னு மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. பொண்ணு காலேஜில் ரெண்டாவது வருஷம், வீட்டு லோன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி. அதையெல்லாம் அவள் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்விதான்.

அந்த நேரத்துலதான் ஒரு கிருத்திகை அன்னிக்கு வள்ளிமலை போனேன். எங்க ஊரிலிருந்து பக்கம்தான், சின்ன வயசிலிருந்து போயிட்டு வர்ற மலை. வள்ளியம்மை அவதரித்துத் தினைப்புனம் காத்த இடம். படியேறி மேலே குடைவரைக் கோயிலில் முருகனைத் தரிசனம் பண்ணிட்டு, பாறை வழியாக நடந்து சுவாமிகளின் ஆசிரமத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சுவாமிகள் ஒரு சமையல்காரர் என்று எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்னிக்குத்தான் அந்த வார்த்தை காதுக்குள்ளே போச்சு. அவர் சரித்திரத்தை முதலிலிருந்து ஒழுங்காகத் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு.

சுவாமிகள் 1870-ல் கொங்கு நாட்டில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு ஈசனின் பெயர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. கைக்கு வந்தது சமையல். அந்தக் கைப்பக்குவம் அவரை மைசூர் மகாராஜாவின் அரண்மனை அடுப்படி வரைக்கும் கொண்டு போச்சு. ஒரு சமையல்காரனுக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய இடம் என்ன இருக்க முடியும்? நம்ம தொழிலில் அதுதான் உச்சி. சம்பளம், மரியாதை, பாதுகாப்பு எல்லாம் இருந்தது.

ஆனா உடம்பு ஒத்துழைக்கவில்லை. தீராத வயிற்று வலி. உலகத்துக்கே ருசியாகச் சமைத்துப் போடுகிறவருக்குத் தான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாத நிலை. குடும்பத்திலும் துக்கத்துக்கு மேல் துக்கம். வைத்தியத்துக்கு வலி கேட்கவில்லை. கடைசியில் 1908-ல் பழனிக்குப் போனார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். அவர் வேலையை உதறிட்டு சந்நியாசம் வாங்கப் போகலை. ஞானம் தேடிப் போகலை. வயிற்று வலி தீரணும், அவ்வளவுதான். பழனியாண்டவன் சந்நிதியே கதி என்று கிடந்தார். அபிஷேகப் பாலை மருந்தாகக் குடித்தார். வலி குறைந்தது. அதோடு அவர் மைசூருக்குத் திரும்பிப் போய் மறுபடி கரண்டியைப் பிடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனா பழனியில் ஒரு நாள் கோயிலில் ஒரு நடனமாது திருப்புகழ்ப் பாட்டுக்கு அபிநயம் பிடித்து ஆடுவதைப் பார்த்தார். அந்தப் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அது என்ன பாட்டு, யார் பாடியது, இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரிஞ்சுக்காம அவரால் இருக்க முடியவில்லை. புஸ்தகம் இருக்கிறது என்று தெரிந்தது. ஆனா படிக்கத் தெரியாதே. கிட்டத்தட்ட 40 வயசில், அரண்மனையில் வேலை பார்த்த மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி அகரம் ஆகாரம் என்று எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். திருப்புகழ் நம்ம தமிழிலேயே கஷ்டமான தமிழ். நல்லாப் படிச்சவங்களுக்கே சந்தம் தட்டும், பதம் பிரிக்க வராது. அவர் அதைத்தான் முதல் பாடப் புஸ்தகமாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் புஸ்தகம் வந்த கதையையும் இங்கே சொல்லணும், ஏன்னா அதுவும் வேலை சம்பந்தப்பட்டதுதான். வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை என்று ஒருவர். கோர்ட்டில் உத்தியோகம். 1871-ல் ஒரு வழக்கில் தில்லை தீட்சிதர்கள் ஆதாரமாகக் காட்டிய ஒரு திருப்புகழ்ப் பாட்டு அவர் காதில் விழுந்தது. அன்னிக்குப் பிடித்த பைத்தியம், ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடினார். உத்தியோகத்தை விடவில்லை. டிஸ்ட்ரிக்ட் முன்சீப் வரைக்கும் உயர்ந்தார். போகிற ஊரிலெல்லாம் கோர்ட் வேலையும் பார்த்தார், சுவடியும் சேர்த்தார். முதல் தொகுதி அச்சுக்கு வந்தது 1894-ல். 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பிற்பாடு அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளையும் பதிவுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் அந்தத் தொண்டைத் தொடர்ந்தார்.

ஆக, ஒருத்தர் வேலையை விடாமல் புஸ்தகம் ஆக்கினார். இன்னொருத்தர் பழைய வேலைக்குத் திரும்பாமல் அதைப் பாடிப் பரப்பினார். முருகன் இரண்டு பேரையும்தான் ஏற்றுக்கொண்டான். வேலையை விடுவதுதான் பக்தி என்றோ, விடாமல் இருப்பதுதான் பொறுப்பு என்றோ நாம் சட்டம் போட முடியாது.

சுவாமிகளின் மீதிக் கதைக்கு வருகிறேன். பழனிக்குப் பிறகு சில வருஷம் கழித்துத் திருவண்ணாமலை போனார். பகவான் ரமணரின் அருகில் இருந்தார். பிறகு சேஷாத்ரி சுவாமிகள்தான் திருப்புகழே அவருக்கு மந்திரம் என்று உறுதிப்படுத்தி, வள்ளிமலைக்குப் போகச் சொன்னதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மனித நடமாட்டம் குறைவான அந்த மலையில் தங்கினார். அங்கேயிருந்து ஊர் ஊராகப் போய்த் திருப்புகழை ராகம் போட்டு, கூட்டமாக உட்கார வைத்துப் பாட வைத்தார். இன்னிக்குத் திருப்புகழ் சபைகளில் பாடுகிற எத்தனையோ பேர் அவர் வழி வந்தவர்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் வருஷப் பிறப்பு என்றால், உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் மாலையும் பழமும் எடுத்துக்கொண்டு வெள்ளைக்கார துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். மேலதிகாரியைக் குளிர வைத்தால்தான் வருஷம் நன்றாக ஓடும் என்று எண்ணம். சுவாமிகள் அதைப் பார்த்தார். எல்லாத் துரைக்கும் மேலே ஒரு துரை தணிகை மலையில் இருக்கிறான், முதலில் அவனைப் பார்த்துவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று, 1917-ல் திருத்தணியில் படித் திருவிழாவை ஆரம்பித்தார். 365 படிகள், படிக்கு ஒரு திருப்புகழ், கற்பூர ஆரத்தி. இன்னிக்கும் டிசம்பர் 31 அன்று திருத்தணியில் அந்த விழா நடக்கிறது.

இதிலும் ஒன்றைக் கவனியுங்க. உத்தியோகத்தை விடுங்க என்று அவர் யாருக்கும் சொல்லலை. துரையைப் பார்க்கப் போகவே கூடாது என்றும் சொல்லலை. முருகனை முதலில் வை என்றார். வரிசையைத்தான் மாற்றினார்.

வரிசை என்றதும் எனக்கு வேல் மாறல் ஞாபகம் வந்தது. புதுசா ஒரு அடியும் அவர் சேர்க்கலை. இருந்த 16 அடிகளைத்தான் இடம் மாற்றி வைத்தார். அடுப்படியில் இருக்கிறவனுக்கு இது புரியும். அதே புளி, அதே பருப்பு, அதே மிளகாய். எதை முன்னாடி போடறோம், எதைப் பின்னாடி போடறோம் என்பதில் சாம்பாரும் ரசமும் வேற வேற ஆகுது.

1908-க்கும் 1917-க்கும் நடுவில் 9 வருஷம். சமையல்காரர் அர்த்தநாரி ஒரே ராத்திரியில் வள்ளிமலை சுவாமிகள் ஆகலை. முதலில் உடம்பு தேறியது. அப்புறம் பிடித்தது ஒன்று கிடைத்தது. அதுக்காக எழுத்துப் படித்தார். பெரியவர்களைத் தேடிப் போனார். அதுக்கு அப்புறம்தான் மலை. நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யப் பார்த்தேன். உடம்பைக் கவனிக்கலை, எது பிடிக்கும்னு தெரியலை, ஆனா கடிதம் மட்டும் ரெடி. வீட்டுக்காரியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது அதனால்தான்.

மலையிலிருந்து இறங்கி வந்து முதல் வேலையாக டாக்டரைப் பார்த்தேன். வயிற்றில் புண், தூக்கமே இல்லாத உடம்பு. ஒரு மாசம் லீவு போடச் சொன்னார். பயந்து பயந்துதான் முதலாளியிடம் கேட்டேன், 20 நாள் கிடைத்தது. முதல் வாரம் தூங்கினேன், அவ்வளவுதான். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் எங்க தெரு முருகன் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவர் ஊரில் இல்லைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். 150 பேருக்குப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும். ஒன்பது வருஷம் கழித்து நானே கரண்டி பிடிச்சேன். வயித்தைப் பிரட்டலை. பொங்கல் பதம் வந்த நேரத்தில் கண்ணில் தண்ணி வந்தது. புகைதான்னு பக்கத்தில் இருந்தவங்க கிட்ட சொன்னேன்.

அன்னிக்குத்தான் தெரிஞ்சது. நான் வெறுத்தது சமையலை இல்லை. ரிஜிஸ்டர், சரக்குக் கணக்கு, கம்ப்ளெயிண்ட், ஆள் வராத நாள் நடக்கிற சண்டை, இந்த ஒன்பது வருஷத்தைத்தான்.

லீவு முடிந்து போய், சூப்பர்வைசர் வேலை வேண்டாம், மறுபடி அடுப்படிக்கே மாத்துங்கன்னு கேட்டேன். சம்பளம் குறையும். எவ்வளவு குறையும்னு வீட்டில் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்துட்டுத்தான் கேட்டேன். முதலாளி உடனே ஒத்துக்கலை, தை மாசம் வரைக்கும் டைம் கேட்டிருக்கார். கிடைக்கலைன்னா சின்ன அளவில் விசேஷ வீட்டுச் சமையல் எடுக்கலாம்னு யோசனை. இன்னும் முடிவாகலை. பழைய கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. பூஜை அலமாரியில் வேலுக்குக் கீழே வெச்சிருக்கேன்.

இதை ஏன் எழுதறேன்னா, 45, 50 வயசில் என்னை மாதிரி உள்ளே காய்ந்துபோய், வெளியே சொல்ல முடியாம இருக்கிற அடியார்கள் நிறைய பேர் இருப்பீங்க. முருகன் சோதிக்கிறான்னு சொல்லிப் பல்லைக் கடிச்சுட்டு இருக்காதீங்க. அவசரப்பட்டு எழுந்து ஓடவும் வேண்டாம். உடம்பை டாக்டரிடம் காட்டுங்க. வீட்டில் வாய் விட்டுப் பேசுங்க. எதைச் செய்யும்போது நேரம் போறது தெரியலைன்னு பாருங்க. 40 வயசில் அகரம் படிச்ச ஒரு சமையல்காரர் நமக்கு முன்னாடி நடந்து போயிருக்கார்.

சுவாமிகள் 1950-ல் முருகன் திருவடியில் கலந்தார். வள்ளிமலைக்குப் போகிறவர்கள் மலைமேல் ஆசிரமத்தில் அவர் சமாதிக் குகையையும் தரிசித்து, ஒரு திருப்புகழாவது பாடிவிட்டு வாங்க. ராகம் வராவிட்டாலும் பரவாயில்லை. எழுத்துக் கூட்டியாவது படிங்க.

இப்பவும் எனக்கு 3 மணிக்கு முழிப்பு வருது. எழுந்து பல் தேய்ச்சு, விளக்கு ஏத்தி, வேல் மாறல் படிச்சுட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!