அல்பிரட் பினே: தன் அளவுகோலுக்கே எல்லை வகுத்தவர்

புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படுவது வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பதுதான். பத்து வயதுப் பிள்ளையை ஓர் எண்ணால் அடையாளப்படுத்துவது நமக்குப் பழகிவிட்டது. பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க முதன்முதலில் நடைமுறைக்கேற்ற சோதனையொன்றை உருவாக்கியவரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். அந்த எண் தவறாகப் பயன்படுத்தப்படும் என்று அஞ்சியவரும் அவரே என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அல்பிரட் பினே 1857 இல் நீஸ் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர், தாய் ஓவியர். சட்டத்தில் பட்டம் பெற்றும் அந்தத் தொழிலுக்குப் போகாமல், பாரிஸ் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியலைத் தானாகவே கற்றார். பின்னர் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் நரம்பியல் வைத்தியர் ஷார்கோவிடம் சேர்ந்தார். ஹிப்னாட்டிச நிலையில் உள்ளவர்களின் உடல் அசைவுகளைக் காந்தத்தால் இடம் மாற்ற முடியும் என்று அங்கிருந்து அறிவித்தார். பெல்ஜிய ஆய்வாளர் டெல்பூஃப் அதை மறுத்தார். தங்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்னவென்று நோயாளிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அவர் சுட்டிக்காட்ட, பினே பகிரங்கமாகப் பின்வாங்க நேர்ந்தது.

அடுத்த பாடம் மண்டையோட்டு அளவீட்டில் கிடைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் தலை பெரியது என்ற அக்கால நம்பிக்கையோடு பாடசாலைகளில் பிள்ளைகளின் தலைகளை அளந்தார். வித்தியாசம் மிகச் சிறியதாகவே வந்தது. தன் எதிர்பார்ப்பே தன் கையை வழிநடத்தியிருக்கலாம் என்று சந்தேகித்து, அந்தச் சந்தேகத்தையும் எழுதி வெளியிட்டார்.

1904 இல் பிரான்ஸின் கல்வி அமைச்சு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்திருந்தனர். அவர்களில் யாருக்கு விசேட வகுப்பு தேவை என்பதே கேள்வி. ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு பெயர் சூட்டினர். குழப்படி செய்யும் பிள்ளையை வகுப்பிலிருந்து அகற்ற ஆசிரியர் விரும்பக்கூடும் என்பதும் பினேவுக்குத் தெரியும். இந்த அநீதியைத் தவிர்க்கவே, இளம் வைத்தியர் தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905 இல் 30 பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது போன்ற இலகுவான பணியில் தொடங்கி அது படிப்படியாகக் கடினமானது. 1908 இல் பணிகளை வயதுவாரியாக ஒழுங்குபடுத்தினார்.

அளவுகோலோடு எச்சரிக்கைகளும் வந்தன. உயரத்தை அளப்பதுபோல் அறிவை அளக்க முடியாது. பெறுபேறு பிள்ளையின் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும், அது பிறவிக் குணத்துக்கோ எதிர்காலத்துக்கோ சான்று அல்ல. வேறு சூழலில் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். அறிவு பயிற்சியால் வளரும் என்று நம்பிய அவர், கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை விசேட வகுப்புகளுக்காக வகுத்தார். 1911 இல், 54 வயதில் காலமானார்.

அதன்பின் நடந்தது அவர் அஞ்சியதே. 1912 இல் ஜெர்மானிய உளவியலாளர் ஸ்டேர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916 இல் அமெரிக்காவில் டேர்மன் அதை 100 ஆல் பெருக்கி ஐகியூ ஆக்கினார். கொடார்ட் என்ற உளவியலாளரின் உதவியாளர்கள் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளைச் சோதித்தனர். மொழி தெரியாமல், களைத்து, பயந்திருந்த அவர்களில் பெரும்பாலானோர் மனவளர்ச்சி குன்றியோர் என முத்திரை குத்தப்பட்டனர். வேர்ஜினியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு மன வயது ஒன்பது என்று கணக்கிட்டனர். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1927 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அவர் சாதாரண அறிவுடையவர் என்பது பின்னர் தெரியவந்தது.

கேள்விகள் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டாலும் அதுமட்டும் ஒரு சோதனையை நீதியானதாக்காது என்பதே இந்த வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம். குறைந்த புள்ளி பெற்ற பிள்ளைக்கு மறுநாள் என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பினே அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பையும் பயிற்சியையும் தேடிக்கொடுத்தார். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு நாம் எதைத் தேடிக்கொடுக்கிறோம்?