மீன் காத்த மருத்துவர் பிரான்ஸிஸ் டே

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்ட மதில்போல் நிற்பது கல்வராயன் மலைத்தொடர். பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்த அம்மலையினின்று இழியும் கோமுகியும் மணிமுத்தாறும் கீழே சமவெளியில் ஒன்றுகூடி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடல் புகுகின்றன. ஐப்பசி கார்த்திகைகளில் பாறைகளைப் புரட்டிக்கொண்டு பாயும் இவ்வோடைகள், பங்குனி பிறந்ததும் நூலாக இளைத்து, சித்திரை வைகாசியில் ஓட்டமற்று, ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கிவிடுகின்றன. மழைக்காலத்தில் பல மைல் தூரம் பரவித் திரிந்த மீன்களெல்லாம் அப்பொழுது ஒரு சில மடுக்களில் நெருங்கி ஒடுங்கிக் கிடக்கும். மேலே வெயில், கீழே சூடேறிய நீர், கரையிலோ பறியும் வலையும் தூண்டிலும் ஏந்திய மனிதன். இம்மலைக்கே உரிய காட்சியன்று இது; தென்னாட்டு மலையாறுகள் பெரும்பாலானவற்றில் ஆண்டுதோறும் நிகழ்வதே.

இந்நிலையிலுள்ள மீனுக்கும் சட்டத்தின் காவல் வேண்டுமென்று, கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டு ஜில்லாவின் ஒரு தாலுகாவாக இருந்த அந்நாளிலேயே, சென்னை இராசதானியிலும் இந்தியா முழுவதிலும் வழக்குரைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பிரான்ஸிஸ் டே. மீன்நூல் கற்போர்க்கு அவர் பெயர் மிகப் பழக்கமானது. மற்றையோரும் அறிந்திருக்கத் தக்கதென்பது நம் கருத்து.

டே 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸ் நாட்டில் மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். சார்லஸ் டார்வின் பயின்ற ஷ்ரூஸ்பரிப் பள்ளியிலேயே இவரும் பயின்றார். பின்னர் லண்டன் ஸெயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் மருத்துவம் கற்று, 1852இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் வைத்தியராகச் சேர்ந்தார். பட்டாளத்து வைத்தியருக்கு ஓரிடத்தில் நிலையான வாழ்வு ஏது? பருமா யுத்தம், அதன்பின் தென்னாட்டுப் பாளையங்கள் பல என்று சுற்றி, கடைசியில் கொச்சியில் அமர்ந்தார். அங்கே உப்பங்கழிகளும் மீன்சந்தைகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கொச்சி இராச்சியத்தின் பழமையையும் நிகழ்காலத்தையும் குறித்து 1863இல் ஒரு நூல் எழுதினார். 1865இல் மலையாளக்கரை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். நோயாளிகளைக் காணும் நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் மீன்களுக்கே செலவாயிற்று.

வெப்பம் மீனை என்ன செய்யும் என்பதை அவர் கற்றது தோல்வி வாயிலாகவே. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய டிரௌட் மீனைக் குடியேற்ற வேண்டுமென்று 1860களில் அவர் முயன்றார். தூண்டில் விளையாட்டில் விருப்பமுடைய ஆங்கிலேயர் அம்மீனைப் பெரிதும் மதிப்பர். அது பனிநீர் மீன். நீரின் சூடு 20 பாகையைக் கடந்தாலே தவிக்கத் தொடங்கும். அதன் முட்டைக்கு அதனினும் மிகுந்த குளிர்ச்சி வேண்டும். வெப்ப நாட்டுக் கடல்களைக் கப்பலில் கடந்து, சமவெளியின் அனலைத் தாண்டி, உதகை மலைமேல் அதைச் சேர்ப்பது எளிதாமோ? முயற்சி கைகூடவில்லை. டிரௌட் நீலகிரியில் நிலைபெற்றது 1907ஆம் ஆண்டளவில், வில்ஸன் என்பவரது உழைப்பால், டே மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே.

இதற்கிடையில் வேறொரு வினா எழுந்தது. தென்னாட்டு நீர்ப்பாசனத்துக்குப் பேருபகாரம் செய்த ஸர் ஆர்தர் காட்டன், ஆறுகளின் குறுக்கே எழுப்பிய அணைகள் மீன்களின் போக்குவரத்தைத் தடுத்துக் கேடு விளைக்கலாமென்று 1867இல் அரசாங்கத்துக்கு எடுத்துக்காட்டினார். அணை கட்டியவரே அணையின் குற்றத்தைக் கூறியது அவர் பெருந்தன்மைக்குச் சான்று. ஆராயும் பணி டேயிடம் வந்தது. தென்னார்க்காட்டுக்கும் தஞ்சைக்கும் இடையே கொள்ளிடத்தின் மேலுள்ள கீழணை முதலியவற்றை எண்ணிப் பாருங்கள். கடலினின்று முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லமீன் அங்கே சுவரில் முட்டி நிற்கும்; நிற்கும் இடத்தில் வலை காத்திருக்கும். அணைகளில் மீனேறும் வழிகள் அமைக்கவேண்டுமென்று டே வற்புறுத்தினார். ஒரு மாகாணத்தில் தொடங்கிய ஆராய்ச்சி ஒரிஸ்ஸா, வங்காளம், பருமா, அந்தமான் என்று விரிந்தது. 1871இல் அவர் இந்திய மீன்வளத்தின் தலைமை மேற்பார்வையாளரானார்.

இப்பதவியில் அவர் செய்த வேலையே நம் கதையின் நடுநாயகம். ஊர்தோறும் தாமே சென்றதோடு அமையாது, கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் வினாக்கள் அனுப்பி விடை பெற்றார். உங்கள் பக்கத்தில் மீன் கூடியதா குறைந்ததா? வலைக்கண் எவ்வளவு சிறியது? குஞ்சுகளைப் பிடிக்கின்றார்களா? நீரில் நஞ்சிடும் வழக்கம் உண்டா? இவ்வகை வினாக்களுக்கு வந்த விடைகளையும் தம் கருத்தையும் சேர்த்து 1873இல் கல்கத்தாவில் அறிக்கையாக வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மையைச் சுருங்கக் கூறுவோம். புதுவெள்ளம் வந்ததும் மீன்கள் சிறு கால்வாய்களிலும் வயல்களிலும் ஏறி முட்டையிடும். வெள்ளம் வடியும்போது திரும்பும் குஞ்சுகளை வாய்க்கால் மடைகளில் வைத்த பறிகள் வாரிவிடும். தப்பியவை ஆற்றை அடைந்தால், கோடையில் ஆறு மடுக்களாகச் சுருங்கும். அம்மடுக்களிலுள்ள மீனே அடுத்த ஆண்டுக்கு வித்து. அதையும் மருக்காரைக் காயை நசுக்கியிட்டோ கள்ளிப்பாலைக் கலந்தோ மயக்கி, பெரிதும் சிறிதும் முட்டை தாங்கியதுமாக ஒரே நாளில் அள்ளிவிட்டால் எஞ்சுவது யாது? பஞ்சத்தில் விதைநெல்லைக் குற்றித் தின்ற குடியானவனின் கதைதான். அவனுக்காவது பசி என்னும் நியாயம் உண்டு. நஞ்சிட்ட மடுவில் மீன் பாதி வீணே அழுகிப் போகும்.

கோடை மடுவில் மீன் ஏன் அவ்வளவு எளிதில் சாகின்றது என்பதை இக்கால விஞ்ஞானம் தெளிவாக விளக்குகின்றது. நீர் சூடேற ஏற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 10 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் தூய நீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட வாயுவைக் கொள்ளும். 30 பாகையிலோ ஏழரை மில்லிகிராம்தான். அதே வேளையில் மீனின் உடற்றொழில் விரைந்து, அதற்கு வேண்டிய வாயுவின் அளவு கூடும். வரவு குறையச் செலவு பெருகும் குடும்பம்போல அது தள்ளாடுகின்றது. இரவில் பாசிகளும் வாயுவை உட்கொள்வதால் விடியுமுன் நிலைமை இன்னும் கடிது. இந்நிலையில் தூண்டிலிற் சிக்கிய மீன் கயிற்றோடு நெடுநேரம் போராடினால் அதன் தசைகளில் அமிலம் மிகும். விளையாட்டுக்காகப் பிடித்து விடுவிப்போர், மீன் நீந்திச் சென்றதைக் கண்டு மனம் மகிழ்வர். ஆனால் சில நாழிகைக்குப் பின் அது மடுவின் அடியில் மடிந்து கிடக்கலாம். ஆகவேதான் குளிர் நாடுகளில் நீரின் சூடு 20 பாகையை எட்டினால் டிரௌட் பிடிப்பதை நிறுத்திவிடுகின்றனர். பிடிப்பவரும் விரைவிற் கரை சேர்த்து, நனைந்த கையால் தொட்டு, நீரை விட்டு மேலே தூக்காமல், முள்ளில்லாத தூண்டிலைக் கழற்றி விடுகின்றனர். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும்.

எல்லா மீனும் வெப்பத்துக்கு ஒரே விதமாக அஞ்சுவதில்லை என்பதையும் டே ஆராய்ந்தார். விரால், பனையேறிக் கெண்டை ஆகியவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே உட்கொள்வதைச் சோதித்து எழுதினார். நல்ல நீரிலேயே விட்டு, மேலே வரவொட்டாமல் தடுத்தால் விரால் மூச்சுத்திணறி இறந்துவிடும். நீரில் மூழ்கி மீன் சாகுமென்றால் நம்மவர் நகைப்பர். ஆயினும் அது மெய்யே. இதனால்தான் சேறு குழம்பிய கோடைக் குட்டையில் விரால் உயிரோடிருக்கும். ஓடுநீரில் வாழும் பூமீன் கெண்டைக்கு அது இயலாது. தூண்டில்காரர் போற்றும் மலையாற்று மீன்களுள் முதன்மை பெற்ற இக்கெண்டைக்கு வடநாட்டார் இட்ட பெயர் மாசீர் என்பது.

டேயின் கோரிக்கைகள் எளியவை. நீரில் நஞ்சிடுவதைத் தடுக்கவேண்டும். வலைக்கண்ணுக்கு ஒரு சிற்றளவு விதிக்கவேண்டும். இனம் பெருகும் காலத்திலும் இடத்திலும் காவல் வேண்டும். ஓடைகளை அடைத்து வைக்கும் பறிகளுக்கு ஒழுங்கு வேண்டும். தென்கன்னடத்தில் கலெக்டராயிருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸும் இவ்வழியிலேயே உழைத்தார். இந்தியத் தூண்டிற்கலை பற்றிப் புகழ்பெற்ற நூலை 1873இல் எழுதியவர் அவர். ஆனால் அரசாங்கம் தயங்கிற்று. ஏழைகளின் உணவில் கைவைப்பதா, இத்தனை ஓடைகளை யார் காவல் காப்பது என்று அதிகாரிகள் பலர் ஆட்சேபித்தனர்.

அந்த ஆட்சேபத்தை நாம் எளிதாகத் தள்ளுவதற்கில்லை. மலையில் வாழும் ஏழைக்குக் கோடைக்காலம் பஞ்சகாலம். தானியக் குதிர் காலியாகும் போதுதான் மடுவில் மீன் கைக்கெட்டும். அவன் கையிலுள்ள பறியைப் பறிக்கும் சட்டம், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் துரைக்கு மட்டும் மடுவைத் திறந்து வைக்குமானால் அது நீதியாகாது. மீனவரின் அறியாமையைப் பற்றி டே எழுதுமிடங்களில் கடுமை சற்று மிகுதி என்றே நமக்குப் படுகின்றது. ஆயினும் அவர் ஏழைக்குப் பகைவரல்லர். கடற்கரையில் உப்புவரி மிகுதியால் மீனவர் மீனைப் பதப்படுத்த இயலாமல் வருந்துவதை எடுத்துக்காட்டி, அவர்களுக்கு மலிவாக உப்புக் கிடைக்க வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. சென்னை இராசதானியின் கரையோரங்களில் பின்னர் வரியற்ற உப்பளிக்கும் மீன் பதனிடும் முற்றங்கள் தோன்றின. நாளைய மீனையும் ஏழையின் சொத்தாகவே அவர் கணக்கிட்டார் என்று கொள்வது பொருந்தும்.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவரது பெருநூல் இந்திய மீன்களைப் பற்றியது. படங்களின் அழகு ஒருபுறமிருக்க, ஒவ்வொரு மீனுக்கும் நாட்டு மொழிகளில் வழங்கும் பெயர்களை, தமிழ்ப் பெயர்களையும் கூட்டி, கேட்டறிந்த அளவில் அவர் பதிந்து வைத்தது நமக்குக் கிடைத்த தனிப்பேறு. ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களைத் தமிழ் மாணவர் திருத்திப் படித்தல் நல்லதொரு பயிற்சியாகும்.

1877இல் வேலையினின்று ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் குடியேறினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. பிரித்தானிய மீன்களைப் பற்றி எழுதினார். டிரௌட் வளர்ப்புச் சோதனைகளில் ஈடுபட்டார். 1883இல் லண்டனில் நடந்த அகில உலக மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதியை நடத்தினார். பிரித்தானியக் காட்சிசாலையின் மீன்நூற் புலவராகிய குந்தருக்கும் இவருக்கும் நெடுநாட் பகை. அதன் பயனாக, இந்திய மீன்களில் பெருந்தொகுதி ஒன்று லண்டனை விட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னிக் காட்சிசாலைக்கு விலையாகிச் சென்றது. புலவர் இருவர் பிணங்கினால் மீனும் கடல் கடக்க வேண்டியதாயிற்று!

இந்திய விலங்கின வரிசையில் 1,400க்கும் மேற்பட்ட மீன்வகைகளை விவரிக்கும் அவரது இரு தொகுதிகள் 1889இல் வெளியாயின. அவ்வாண்டே ஜூலை 10ஆம் நாள் டே காலமானார்.

அவர் வேண்டிய சட்டம் எட்டாண்டு கழித்து வந்தது. 1897ஆம் ஆண்டின் 4ஆவது சட்டமாகிய இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைத்து மீன் கொல்வதையும் நஞ்சிடுவதையும் குற்றமாக்கிற்று. வலைகளின் அளவு, நிலையான பொறிகள், அணைகள் ஆகியவற்றுக்கு விதி செய்யவும், குறித்த நீர்நிலையில் இரண்டாண்டு வரை மீன்பிடிப்பைத் தடுக்கவும் மாகாண அரசாங்கங்களுக்கு அதிகாரம் அளித்தது. சட்டம் ஏட்டில் ஏறினும், மலையோடைக்கு அது வந்து சேரும் வேகம் வேறு. காவிரியின் பெருங்கெண்டையாகிய திமில் மாசீர் 2018இல் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக இடம்பெற்றது. கல்வராயன் அடிவாரத்திலோ 1960களில் கோமுகியின் குறுக்கே அணை எழுந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. சித்திரை மடுக்கள் இன்றும் சுருங்கியே வருகின்றன.

டேயின் பெயரால் வழங்கும் மீன்களுள் ஒன்று கேரளத்து நன்னீர்களில் வாழ்கின்றது. விரலளவே உள்ள அதற்கு 1908இல் அப்பெயர் சூட்டப்பட்டது. மேலே வந்து காற்றை உட்கொண்டு, சூடேறிய நீரிலும் பிழைத்திருக்கும் இனம் அது.