எரிந்த வீட்டின் கணக்கை எழுதிய தையற்காரர் மகன்

புல்மோட்டையில் எங்கள் மாமாவின் வீடு போர்க்காலத்தில் எரிந்தது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது தூண்களும் பிளேட்டும் அப்படியே நின்றன. கரியைச் சுரண்டி, வெள்ளையடித்துக் குடியேறினோம். ஒரு மாரிகாலத்தில் பிளேட்டின் அடிப்பக்கம் கழன்று விழுந்து, கம்பி வெளியே தெரிந்தது. நல்லவேளையாகக் கீழே எவரும் இருக்கவில்லை. நெருப்பில் நின்ற பிளேட் மழையில் ஏன் விழுந்தது என்று தேடப்போய்த்தான் ஜோசப் பூரியேயின் வாழ்க்கையை அறிந்தேன்.

பூரியே 1768 இல் பிரான்சின் ஓசேர் நகரில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தார். பத்து வயதளவில் தாயையும் தந்தையையும் இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடூர நாட்களில், 1794 இல், சிறைப்பட்டார். ரொபெஸ்பியர் வீழ்ந்த பின்னரே தலை தப்பியது. 1798 இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்து கிரெனோபிளில் மாவட்ட ஆட்சியாளராக இருந்தபோது, இரும்பு வளையத்தைச் சூடாக்கி, வெப்பம் அதில் எப்படி நகர்கிறது என்று அளந்தார்.

அந்த ஆய்வை 1807 இல் பாரிஸ் அறிஞர்கள் முன் வைத்தார். லக்ராஞ்ச் போன்ற பெரிய கணிதர்கள் ஏற்கவில்லை. 1812 இல் பரிசு கிடைத்தது. கூடவே குறையும் சொன்னார்கள். அவர் விடவில்லை. 1822 இல் அது நூலாக வெளிவந்தது. 1830 இல் அவர் காலமானார்.

இன்று கொங்கிறீட் தீயில் சிதைவதைக் கணினியில் கணிப்பவர்கள் அவருடைய சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். சுவரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்த நிமிடத்தில் எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு உள்ளே அடைபட்ட நீராவியின் அழுத்தத்தையும் வெடிப்புகளையும் அதில் சேர்க்கிறார்கள்.

எங்கள் பிளேட்டுக்கான விடையும் அங்கே கிடைத்தது. வெப்பம் 400 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீரை இழக்கிறது. பின்னாளில் ஈரம் பட்டால் அது மீண்டும் ஊதி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. 600 பாகையளவில் கம்பியின் பலமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

எரிந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் பூசுவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, கொங்கிறீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தாலோ, பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.