செல்சியஸ் வைத்த சுழியம்

வானிலை அறிக்கையில் நாம் தினமும் கேட்கும் பெயர் செல்சியஸ். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு வானியல் பேராசிரியர். புள்ளியியலில் அளவை நிலைகள் குழப்புகின்றன என்று மாணவர்கள் சொல்லும்போது, நான் இவருடைய வாழ்க்கையைத்தான் சொல்வது வழக்கம்.

ஆன்டர்ஸ் செல்சியஸ் 1701ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தை வானியல் பேராசிரியர். தந்தைவழித் தாத்தா கணித அறிஞர், தாய்வழித் தாத்தா வானியலாளர். 1730இல் இவரும் உப்சாலாவில் வானியல் பேராசிரியரானார்.

பூமி துருவப் பகுதியில் தட்டையா, அல்லது நீண்டதா? அன்றைய அறிஞர்களைப் பிரித்து வைத்த கேள்வி அது. விடை தேடி 1736இல் லாப்லாந்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவில் செல்சியஸும் சேர்ந்தார். டிசம்பர் குளிரில், உறைந்து கிடந்த டோர்னே ஆற்றின்மேல் மரக்கோல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளந்தார்கள். நினைத்தாலே விரல் மரத்துப்போகிறது! பூமி துருவங்களில் தட்டையே என்று அந்த அளவு காட்டியது. நியூட்டனின் கணிப்பு நின்றது. நீளத்தில் சுழியம் என்றால் நீளமே இல்லை என்று பொருள். ஆகவே இரண்டு கோல் என்பது ஒரு கோலின் இருமடங்குதான், எந்த அலகில் அளந்தாலும். இது விகித அளவை.

நட்சத்திரங்களின் கதை வேறு. பழங்காலம் முதலே அவற்றைக் கண்ணால் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என ஆறாம் தரம்வரை பிரித்திருந்தார்கள். எது அதிகப் பிரகாசம் என்பது தெரியும். எவ்வளவு அதிகம் என்பது தெரியாது. இது வரிசை அளவை. செல்சியஸுக்கு இது போதவில்லை. ஒரே மாதிரியான கண்ணாடித் தகடுகளை அடுக்கி, எத்தனை தகடுகளில் நட்சத்திரம் மறைகிறது என்று எண்ணினார். சிரியஸை மறைக்க 25 தகடுகள் தேவைப்பட்டன.

பிறகு 1742இல் வந்தது வெப்பமானி. நீர் உறையும் நிலை இடத்துக்கு இடம் மாறுவதில்லை என்பதையும், கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் சோதித்துப் பார்த்தார். அந்த இரு நிலைகளுக்கும் நடுவே 100 சம பாகங்கள் வகுத்தார். ஆனால் அவர் சுழியத்தை வைத்த இடம் கொதிநிலை, உறைநிலை 100! அவர் இறந்த பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது.

மாணவர்கள் இங்கேதான் சற்று நிற்க வேண்டும். கேமரன் மலையில் காலை 15 டிகிரி, கோலாலம்பூரில் நண்பகல் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் இருமடங்கு வெப்பம் என்று சொல்லத் தோன்றும். செல்சியஸின் அசல் வெப்பமானியில் கேமரன் மலை 85, கோலாலம்பூர் 70. இருமடங்கு எங்கே போயிற்று? ஆனால் இரண்டுக்கும் இடையிலான 15 டிகிரி வேறுபாடு அப்படியே இருக்கிறது. சுழியம் மனிதன் வைத்த இடம் என்பதால் வேறுபாட்டுக்கு மட்டுமே பொருள் உண்டு, விகிதத்துக்கு இல்லை. இதுதான் இடைவெளி அளவை. சராசரி காணலாம், மடங்கு சொல்லக்கூடாது. உண்மையான சுழியம் கொண்ட கெல்வின் அளவில் கணக்கிட்டால், அந்த இரு ஊர்களின் வேறுபாடு சுமார் 5 விழுக்காடுதான்.

பேருந்து எண்போல வெறும் அடையாளமாக நிற்கும் எண்கள் பெயரளவை. இந்த நான்கு பிரிவுகளையும் 1946இல் வகுத்துத் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். செல்சியஸுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. காசநோயால் 1744 ஏப்ரல் 25ஆம் நாள், தமது 42ஆம் வயதில் அவர் மறைந்தார். நெடுநாள் சென்டிகிரேட் எனப்பட்ட அந்த அளவுக்கு, 1948இல்தான் அனைத்துலக அளவில் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.